கயிறு கேட்ட செயலாளரும் கயிறு கொடுக்காத குமாஸ்தாவும்

அன்று காலை கோமதிநாயகம் ஓடியது விளையாட்டுக்காக அல்ல. தாராவியிலிருந்து மாதுங்கா ஸ்டேஷனுக்கு நடந்து வருகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்றதில் நேரம் போயிற்று. மேம்பாலத்தின் உச்சிப்படியில் கால் வைத்தபோது வி.டி. போகிற லோகல் நகரத் தொடங்கிவிட்டது. அதை விட்டால் ஆபீஸில் சிவப்பு மையில் லேட் மார்க்.

குடையைக் கக்கத்தில் இடுக்கினான். டிபன் டப்பாவை மார்போடு அணைத்தான். படிகளை நாலு நாலாகத் தாண்டி, பிளாட்பாரத்தின் கடைசி வரை ஓடி, கைக்கு அகப்பட்ட கம்பியைப் பிடித்துத் தாவினான்.

தாவிய இடம் முதல் வகுப்பு. விழுந்த இடம் ஓர் ஆங்கிலப் பத்திரிகை. அந்தப் பத்திரிகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், பீப்பாய்த் தர ஆய்வு இயக்குநரகத்தின் பம்பாய் மண்டல டைரக்டர் சிட்னிஸ் சாகேப்.

கோமதிநாயகம் அதே இயக்குநரகத்தில் குமாஸ்தா. பதினோரு வருஷமாக டெம்பரரி.

சிட்னிஸ் சாகேப் நசுங்கிய பத்திரிகையை மடியிலிருந்து எடுத்து நீவிவிட்டார். "எந்த ஆபீஸ்?" என்றார் ஆங்கிலத்தில்.

"உங்க ஆபீஸ்தான் சார்."

"பெயர்?"

சொன்னான். அவர் பத்திரிகையின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். தாதரில் இறங்கிக் கோமதிநாயகம் தன் வகுப்புப் பெட்டிக்கு மாறினான்.

பீப்பாய் இயக்குநரகத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். யுத்த காலத்தில் ராணுவத்துக்கு எண்ணெயும் தாரும் பீப்பாய்களில் போயின. ஒழுகுகிற பீப்பாயா, ஒழுகாத பீப்பாயா என்று மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்துச் சான்று எழுத ஓர் அலுவலகம் திறந்தார்கள். யுத்தம் முடிந்தது. பீப்பாய்கள் வருவதும் நின்றது. அலுவலகம் மட்டும் துறைமுகத்தை ஒட்டிய பாலார்டு பியரில் ஒரு மாடியிலிருந்து மூன்று மாடியாக வளர்ந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை மாதிரிப் பீப்பாய் ஒன்றை ஹாலுக்கு உருட்டி வருவார்கள். டைரக்டர் தட்டுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். மற்ற நாட்களில் காகிதம்.

அன்று பிற்பகல் ப்யூன் பூதத்தான் வந்து நின்றான். அவனும் தாராவிக்காரன். கோமதிநாயகம் குடியிருக்கும் கோலிக்கு, அதாவது ஒற்றை அறை வீட்டுக்கு, நாலு கோலி தள்ளியிருப்பவன். அவன் வாசலில் நின்றால் அறைக்குள் வெளிச்சம் குறையும்.

"அண்ணாச்சி, சாப் கூப்பிடுதாரு. என்னத்தப் பண்ணித் தொலைச்சிய?"

"அவரு மடியில விழுந்துட்டேன்டே."

பூதத்தான் யோசித்தான். "ஊருல அவனவன் ஆபீசர் காலுல விழுதான். நீங்க ஒரு படி மேலே போயிட்டியளே!"

டைரக்டர் அறையில் கோமதிநாயகம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். சிட்னிஸ் சாகேப் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மிஸ்டர் கோமதிநாயகம், ஏழு வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். இந்த இயக்குநரகத்தில் ஒருவர் ஓடி இன்றுதான் பார்த்தேன். நம் ஊழியர் விளையாட்டுச் சங்கத்துக்கு ஒரு கௌரவச் செயலாளர் தேவை. பழைய செயலாளர் ஓய்வு பெற்றுவிட்டார்."

"எப்ப சார்?"

"ஆறு வருஷத்துக்கு முன்னால்."

"சார், எனக்கு எந்த விளையாட்டும் தெரியாது."

"நல்லது. பாரபட்சம் இருக்காது."

சுவரில் ஓர் ஆணி இருந்தது. சாகேப் அதைச் சுட்டிக்காட்டினார். அரசு அலுவலகங்களுக்கு இடையே நடக்கும் கயிறிழுக்கும் போட்டியின் கேடயம் அந்த ஆணியில் தொங்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "டிசம்பரில் ஒரு குமாஸ்தா இடம் நிரந்தரமாகிறது. ஃபைல் என்னிடம்தான் வரும்."

கோமதிநாயகம் ஆணியைப் பார்த்தான். ஆணி சிறியதாகத்தான் இருந்தது.

*

"பர்மனெண்டு ஆனா குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க" என்றான் மனைவி பேராச்சியிடம். "வடாலாவுல. ரெண்டு ரூம்பு. உள்ளேயே குழா."

பேராச்சி கையில் இருந்த கரண்டி நின்றது. "உள்ளேயேன்னா, திருகுனா வருமா?"

"வரும்."

"விடியுமுன்ன எந்திரிச்சுக் குடத்தக் கொண்டு போயி வரிசையில வச்சிட்டு, பக்கத்துக் கோலி மாடத்திகிட்ட மயிரப் புடிச்சுச் சண்டை போடாண்டாமா?"

"வேண்டாம்."

"அப்பக் கயிறு என்னங்க கயிறு, கப்பலையே இழுங்க!"

மறுநாள் சூப்பரிண்டெண்டு நம்பிராஜன் அவனைக் கூப்பிட்டார். மாதுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற குடும்பம் அவருடையது. பேசும்போதுகூடப் பத்தி பிரித்துப் பேசுவார்.

"நாயகம், கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஒண்ணு, விளையாட்டெல்லாம் அஞ்சு மணிக்கு மேல. ரெண்டு, அஞ்சு மணி வரைக்கும் நீ என் குமாஸ்தா. மூணு, டிசம்பர் சிபாரிசுல முதல் கையெழுத்து என்னுது, அப்புறம்தான் டைரக்டர். உன் மேஜையில ஒரு காகிதம் பாக்கி இருந்தாலும் என் பேனா திறக்காது. நாலாவது ஒண்ணும் இல்ல, போ."

கோமதிநாயகம் செயலாளராகச் செய்த முதல் வேலை, கயிறு கேட்டது. கயிறு இல்லாமல் கயிறிழுக்க முடியாது என்பது அவன் கட்சி. 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கி இயக்குநரகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, 'கோமதிநாயகம், கௌரவச் செயலாளர்' என்று கையெழுத்திட்டான். பூதத்தான் அதைக் கீழ் மாடிக்குக் கொண்டுபோனான். அங்கே பதிந்து, எண் போட்டு, முத்திரை குத்தி, உரிய குமாஸ்தாவுக்கு அனுப்பினார்கள். ஊழியர் நலக் காகிதங்களைப் பார்க்கிற உரிய குமாஸ்தா கோமதிநாயகம்தான். ஒரு வாரம் கழித்துத் தன் கடிதம் தன் மேஜைக்கே வந்தபோது அவனுக்கு ஊரில் சொந்தக்காரனைச் சந்தித்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

'கயிறு வாங்க அனுமதிக்கலாம்' என்று அப்போதே குறிப்பு எழுதி நம்பிராஜன் மேஜையில் வைத்தான்.

நம்பிராஜன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்ன இது?"

"கயிறு சார்."

"அது தெரியுது. முதல் கடுதாசிக்கே பதிலா? பதினோரு வருஷம் சர்வீஸ் பண்ணியிருக்க. இந்த ஆபீஸ்ல மூணாவது ரிமைண்டர் வராம ஒரு காகிதத்துக்கு உயிர் உண்டா? முதல் கடுதாசிக்குப் பதில் போட்டா, இங்க ஆளுங்க சும்மா உட்கார்ந்திருக்காங்கன்னு டில்லியில நினைப்பான். பாதிப் பேரைக் குறைச்சுப்புடுவான். உன்னால நாற்பது குடும்பம் தெருவுல நிக்கணுமா?"

"மேஜையில பாக்கி இருக்கக் கூடாதுன்னு..."

"மூணாவது ரிமைண்டர் வர்ற வரைக்கும் அது பாக்கி இல்லப்பா. பரிசீலனை."

கோமதிநாயகம் காகிதத்தைப் பரிசீலனையில் வைத்தான். அஞ்சு மணி ஆனதும் செயலாளராகி, முதல் ரிமைண்டர் எழுதினான்.

*

கயிறு பரிசீலனையில் இருந்தாலும் பயிற்சி நிற்கக் கூடாது என்று சிட்னிஸ் சாகேப் உத்தரவு. ஆகவே தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் எட்டுப் பேர் கயிறு இல்லாமல் கயிறிழுத்தார்கள்.

அணியைச் சம்பள விகிதப்படி நிறுத்தியிருந்தார்கள். முன்னால் டிபுடி டைரக்டர். அவருக்குப் பின்னால் அஸிஸ்டெண்டு டைரக்டர்கள். அப்படியே இறங்கி, வாலில் வேறொரு குமாஸ்தா. காப்டன் சிட்னிஸ் சாகேப் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, "இழு!" என்பார். எட்டுப் பேரும் காற்றைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். முதல் வாரத்தில் ஓர் அஸிஸ்டெண்டு டைரக்டர், பின்னால் நிற்கும் செக்‌ஷன் ஆபீசர் தம் அந்தஸ்துக்கு மீறி இழுக்கிறார் என்று எழுத்தில் புகார் கொடுத்தார். இரண்டாவது வாரத்தில் டிபுடி டைரக்டர், உள்ளங்கையைக் கயிறு அறுத்துவிட்டதென்று மெடிக்கல் லீவு போட்டார். டாக்டர் சர்டிபிகேட்டும் இருந்தது.

தேநீர்க் கெட்டிலோடு வந்த பூதத்தான் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அண்ணாச்சி, இவுக என்னத்த இழுக்காவ?"

"கயிறு."

"எங்க?"

"சாங்ஷன்ல இருக்கு."

பூதத்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வேலைக்கு வந்தவன். அவனை அணியில் சேர்க்கலாமே என்று கோமதிநாயகம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். சிட்னிஸ் சாகேப் வருத்தத்தோடு தலையசைத்தார். "எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் சமத்துவவாதி. ஆனால் கெசட்டட் ஆபீசரும் கடைநிலை ஊழியரும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் கையாள விதியில் இடமில்லை."

இரண்டாவது ரிமைண்டரும் போயிற்று. போட்டிக்கு நாள் நெருங்கியது. கோமதிநாயகத்தின் உடம்பு இளைத்தது. பகலில் குமாஸ்தாவாகப் பார்த்துப் பார்த்துத் தாமதித்ததை இரவில் செயலாளராக நினைத்து நினைத்துக் கவலைப்பட்டான். கடைசியில் மூன்றாவது ரிமைண்டருக்கு வேளை வந்தது.

மூன்றாவது ரிமைண்டருக்கு ஆபீஸில் ஒரு மாதிரி உண்டு. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். 'சம்பந்தப்பட்ட குமாஸ்தாவின் தொடர்ந்த அலட்சியத்தையும் கடமை தவறிய போக்கையும் வேதனையுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்' என்று ஒரு வாக்கியம் அதில் வரும். யாரும் வேதனைப்பட்டு எழுதுவதில்லை. யாரும் படித்து வேதனைப்படுவதும் இல்லை. கீழே, 'நகல்: டைரக்டர் அவர்களுக்கு' என்று இருக்கும். அந்த நகலை டைரக்டர்கள் வாசித்ததாகச் சரித்திரம் இல்லை.

கோமதிநாயகம் மாதிரியைப் பார்த்து எழுதினான். கையெழுத்திட்டான்.

கேடயத்தின் நினைப்பாகவே இருந்த சிட்னிஸ் சாகேப், அந்த நகலை வாசித்தார்.

*

மெமோவைக் கொண்டுவந்தவன் பூதத்தான். "அண்ணாச்சி, ஒங்க மேல யாரோ புகார் குடுத்திருக்கானாம்."

கோமதிநாயகம் உறையைப் பிரித்தான். 'ஊழியர் விளையாட்டுச் சங்கத்தின் கௌரவச் செயலாளர் தங்கள் மீது கடுமையான புகார் அளித்துள்ளார். தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும்.'

"எந்தப் பய அவன்?" பூதத்தான் சட்டைக் கையைச் சுருட்டினான். "பேரைச் சொல்லுங்க, சாயங்காலம் வெளியில வரட்டும்."

"வேண்டாம்டே" என்றான் கோமதிநாயகம் அவசரமாக.

நேரே டைரக்டர் அறைக்குப் போனான். "சார், புகார் கொடுத்ததும் நான்தான். குமாஸ்தாவும் நான்தான் சார்."

சிட்னிஸ் சாகேப் பேனாவை மூடினார். "எனக்குத் தெரியாதா? உன்னைத் தினமும் பார்க்கிறேனே. ஆனால் ஃபைலுக்கு அது தெரியாது, மிஸ்டர் கோமதிநாயகம். நிர்வாகம் என்பது முகம் பார்க்காமல் நடப்பது. இப்போது என்னிடம் எந்தத் தகுதியில் பேசுகிறாய்? செயலாளராகவா, குமாஸ்தாவாகவா?"

"ரெண்டுமா சார்."

"செயலாளர் என்றால் உட்கார். குமாஸ்தா என்றால் சூப்பரிண்டெண்டு மூலமாக வா."

கோமதிநாயகம் பாதி உட்கார்ந்து, எழுந்து, வெளியே வந்தான்.

கயிறு மட்டும் அன்றைக்கே சாங்ஷன் ஆயிற்று. மறுநாள் வந்தும் சேர்ந்தது. கை மொத்தத்துக்குப் புதுக்கயிறு. பூதத்தானிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தபோது நம்பிராஜன் எச்சரித்தார். "இது சர்க்கார் சொத்து. யார் எங்க தூக்கிட்டுப் போனாலும் ஒரு நுனி உன் கையில இருக்கணும். கைவிட்டுப் போச்சு, உன் சம்பளத்துல பிடிப்பாங்க, தெரிஞ்சுதா?"

"உசிரு இருக்க மட்டும் விடமாட்டேன் சாப்" என்றான் பூதத்தான்.

*

விசாரணை அதிகாரி நம்பிராஜன். விசாரணைக்கு முன்னால் கோமதிநாயகத்தைத் தனியே கூப்பிட்டார்.

"ரிமைண்டர் வர்ற வரைக்கும் தொடாதேன்னு நான்தான் சொன்னேன்னு சொல்லப்போறியா? சொல்லு, எழுதிக்கிறேன். ஆனா அப்ப நான் சாட்சி ஆயிடுவேன். சாட்சி விசாரிக்க முடியாது. டில்லியிலேர்ந்து வேற ஆபீசர் வரணும். ரெண்டு வருஷம் ஆகும். டிசம்பர் போச்சு, குவார்ட்டர்ஸ் போச்சு. பேசாம ஒத்துக்கோ. எச்சரிக்கையோட முடிச்சிடலாம்."

வடாலாவின் குழாய் ஒரு தடவை கோமதிநாயகத்தின் கண்ணுக்குள் சொட்டியது. தலையை ஆட்டினான்.

அறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். வலது பக்கம் புகார்தாரருக்கு, இடது பக்கம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. வாசலில் நின்று பூதத்தான் கூவினான். "செயலாளர் கோமதிநாயகம்!" கோமதிநாயகம் உள்ளே வந்து வலது நாற்காலியில் உட்கார்ந்தான்.

"குமாஸ்தா கோமதிநாயகத்தை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"எவ்வளவு காலமா?"

"சின்னப் பிள்ளையில இருந்து சார்."

"அவர் மேல முன்விரோதம் உண்டா?"

கோமதிநாயகம் நேர்மையாக யோசித்தான். "நேத்து வரைக்கும் இல்ல சார்."

நம்பிராஜன் எழுதிக்கொண்டார். "நீங்க போகலாம்."

வெளியே போனான். "குமாஸ்தா கோமதிநாயகம்!" என்று பூதத்தான் கூவினான். உள்ளே வந்து இடது நாற்காலியில் உட்கார்ந்தான். அதற்குள் நம்பிராஜனின் குரலில் மரியாதை பாதி குறைந்திருந்தது.

"கயிறு கேட்ட கடிதம் உன் மேஜைக்கு வந்ததா?"

"வந்தது சார்."

"நடவடிக்கை எடுத்தியா?"

"பரிசீலனை..."

"ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு."

"இல்ல சார்."

"செயலாளரைக் குறுக்கு விசாரணை பண்ண உனக்கு உரிமை உண்டு. கூப்பிடவா?"

கோமதிநாயகம் வலது பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்தான். அங்கே போய் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்; பிறகு இங்கே வந்து கேள்வி கேட்க வேண்டும். காலையில் சாப்பிடாமல் வந்திருந்தான். "வேண்டாம் சார்."

'புகாரில் உண்மை இருப்பதால், புகார்தாரரை எதிர்கொள்ளக் குற்றவாளி துணியவில்லை' என்று பதிவாயிற்று.

எச்சரிக்கையோடு முடியும் என்று நம்பிராஜன் சொன்னது நம்பிராஜனின் அபிப்பிராயம். சிட்னிஸ் சாகேப்பின் அபிப்பிராயம் வேறாக இருந்தது. விளையாட்டை வளர்க்கப் பாடுபடும் ஒரு மனிதரை இப்படி அலைக்கழித்த குமாஸ்தாவுக்கு எச்சரிக்கை போதாது என்று எழுதினார். மேல் உத்தரவு வரும்வரை சஸ்பென்ஷன். பாதிச் சம்பளம். அலுவலக வாசலில் கால் வைக்கக் கூடாது.

அதே தபாலில் இன்னோர் உறை வந்தது. தாமதத்துக்கு இயக்குநரகம் செயலாளரிடம் வருத்தம் தெரிவித்திருந்தது. போட்டி நெருங்குவதால் தினமும் சாயங்காலம் அலுவலக மொட்டை மாடிப் பயிற்சிக்குத் தவறாமல் வரும்படி கேட்டுக்கொண்டிருந்தது.

"பாதிச் சம்பளமா?" பேராச்சி இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, முத்திரை தெரியும். "புகார் குடுத்த அந்தக் கட்டையில போறவன் யாருங்க? அவன் வீடு எங்க இருக்கு? நான் போயி நாலு வார்த்த கேட்டுட்டு வாரேன்."

"நாலு வார்த்த இங்கேயே கேளு. நான்தான்."

அவள் கேட்டாள். நாலு வார்த்தையோடு நிற்கவில்லை. பக்கத்துக் கோலி மாடத்தி வந்து, அடுப்பில் குழம்பு தீய்கிறது என்று சொல்லும்வரை கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் வாசலில் பூதத்தான் கையை நீட்டித் தடுத்தான். "கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. நம்பிராஜன் சாப் கேக்கச் சொன்னாரு. குமாஸ்தாவா வாரியளா, செயலாளரா வாரியளா?"

"செயலாளரா."

பூதத்தான் விறைத்து நின்று ஒரு சலாம் வைத்தான்.

*

போட்டி மாதுங்கா மைதானத்தில். மற்ற ஆபீஸ்கள் எல்லாம் கயிறு சாங்ஷன் ஆகாததால் வரவில்லை. ஆகவே முதல் ஆட்டமே இறுதி ஆட்டம். எதிரணி, தூர்வாரும் கணக்கு அலுவலகம். அவர்கள் கணக்கர்களாகத்தான் இருந்தார்கள். ஆனால் கயிறு வைத்துப் பழகிய கணக்கர்கள். சின்னக் குமாஸ்தாக்களை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்து சிட்னிஸ் சாகேப், "ஒழுங்கற்ற கும்பல்" என்றார்.

கூட்டத்தில் பேராச்சியும் நின்றிருந்தாள். வேலை திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும் இதில்தான் இருக்கிறது என்று கோமதிநாயகம் சொல்லியிருந்தான்.

டாஸில் பீப்பாய் இயக்குநரகத்தின் கயிறு தேர்வாயிற்று. எட்டுப் பேரும் சம்பள விகிதப்படி நின்றார்கள். கயிற்றில் கை வைத்ததும் டிபுடி டைரக்டர், "அட, கனமாக இருக்கிறதே!" என்றார். விசில் ஒலித்தது.

எதிரணி ஒரு சுண்டு சுண்டியது. டிபுடி டைரக்டர் குப்புற விழுந்தார். அவர் விழுந்த பிறகு தாம் நிற்பது முறையல்ல என்று அஸிஸ்டெண்டு டைரக்டர்கள் விழுந்தார்கள். செக்‌ஷன் ஆபீசர் தம் முறை வந்ததும் விழுந்தார். பீப்பாய் இயக்குநரகம் சீனியாரிட்டி வரிசையில் புழுதியில் படுத்தது. கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது கயிறு நகரவில்லை.

அணிக்குப் பின்னால், கயிற்றின் மிச்ச நுனியைப் பிடித்துக்கொண்டு பூதத்தான் நின்றிருந்தான். அவன் அணியில் இல்லை. கயிற்றின் பொறுப்பாளன். எட்டு அந்நியர்கள் சர்க்கார் சொத்தை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"லேய்! எவன் கயித்த எவன்லே கொண்டு போறது?" என்று ஒரு சத்தம் போட்டான். குதிகாலை ஊன்றினான். திரும்பி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் பக்கமாக நடந்தான். தூர்வாரும் கணக்கு அலுவலகம் முழுவதும் பின்னாலேயே வந்தது. கோட்டைத் தாண்டிய பிறகும் வந்தது. அஸிஸ்டெண்டு டைரக்டர்கள் கயிற்றை விட மனமில்லாமல் புழுதியில் கூடவே இழுபட்டு வெற்றி பெற்றார்கள்.

எதிரணி ஆட்சேபித்தது. நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கயிற்றை வைத்துக் காப்பவரைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. கேடயம் பீப்பாய்க்கு.

சிட்னிஸ் சாகேப் மேடையேறினார்.

"நண்பர்களே, இன்று வென்றது கயிறு அல்ல, தலைமை. நான் ஒரு தடவைகூடக் கயிற்றைத் தொடவில்லை. அதுதான் நிர்வாகம். என் அதிகாரிகள் தரையில் விழுந்தும் வரிசையை விடவில்லை. அதுதான் ஒழுங்கு. கடைநிலை ஊழியர் ஒருவரும் உடனிருந்ததாகச் சொல்கிறார்கள், மகிழ்ச்சி. இந்த வெற்றிக்கு வேராக இருந்த செயலாளர் கோமதிநாயகம் மேடைக்கு வரட்டும். தம்பி, உனக்கு என்ன வேண்டும்? கேள்!"

கைதட்டல் ஓய்ந்தது. கோமதிநாயகம் மேடையேறினான். எந்தத் தகுதியில் நிற்கிறோம் என்று யோசித்துப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சார், அந்தக் குமாஸ்தாவ மன்னிச்சு, திரும்ப வேலையில சேர்த்துக்கணும் சார்."

சிட்னிஸ் சாகேப் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

"பார்த்தீர்களா! தனக்குத் தீங்கு செய்தவனுக்காகவே மன்றாடுகிறார்! இதுதான் விளையாட்டு வீரனின் உள்ளம்! ஆனால் நண்பர்களே, நான் நிர்வாகி. இப்படிப்பட்ட உத்தமரை அலைக்கழித்த ஒருவனை, அந்த உத்தமர் கேட்டார் என்பதற்காக விட்டுவிட்டால், நாளைக்கு உத்தமர்களுக்கு என்ன பாதுகாப்பு?"

பலத்த கைதட்டல். பேராச்சி முண்டியடித்து முன்னால் வந்தாள். "என்ன சொன்னாரு?"

"என்னைய ரொம்பப் புகழ்ந்தாரு."

"வேல?"

"அத, என்னைய ஏசும்போது சொன்னாரு."

*

திங்கட்கிழமை நம்பிராஜன் ஆள் அனுப்பினார். கோமதிநாயகம் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா. சிக்கல் ஒண்ணு வந்திருக்கு. மேடையில நீ வாயால கேட்டது செயலாளரோட கோரிக்கை. டைரக்டர் வாயால மறுத்தது செல்லாது. எழுத்துல வரணும். காலையிலேயே ஒரு மனுவா எழுதி நீ கையெழுத்துப் போட்ட மாதிரி பதிவு பண்ணிட்டேன், இந்தா போடு. இப்ப அதைப் பரிசீலிக்கணும். ஊழியர் நலன் யார் மேஜை?"

"என்னுது சார்."

"நீ சஸ்பென்ஷன். மேஜை காலி. வேற ஆள் போட டில்லி ஒத்துக்கல. காலி மேஜையில மனு இருந்தா ஆடிட் ஆட்சேபணை வரும். அதனால டைரக்டர் உத்தரவு போட்டிருக்கார். அந்த மனு தீர்ற வரைக்கும், அந்த மனுவைத் தீர்க்கிறதுக்காக, உன்னை முழுச் சம்பளத்துல வேலைக்கு எடுத்திருக்கு."

"மனு தீர்ந்தா சார்?"

"தீர்ந்தா, மறுத்த மாதிரிதான் தீரும். அவர் மேடையில சொல்லிட்டாரே. நீ வீட்டுக்குப் போகலாம்."

சாயங்காலம் அவன் சொன்னதைப் பேராச்சி முழுசாகக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அப்ப அந்தக் காயிதம் தீராத மட்டும் சம்பளம் உண்டு."

"உண்டு."

"தீர்க்க வேண்டிய ஆளு யாரு?"

"நான்தான்."

"பொறவு என்ன மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கிய? தீத்துராதிய!"

"குவார்ட்டர்ஸ் கிடைக்காதுட்டி. அதுக்கு நிரந்தரமாகணும்."

"மாடத்திகூடச் சண்டை போடாம எனக்கும் பொழுது போவாது. நீங்க தீத்துராதிய, அம்புட்டுதான்."

மறுநாள் கோமதிநாயகம் மனுவை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு பேனாவை எடுத்துக் குறிப்பு எழுதினான். 'மன்னிக்கக் கோருபவரும் மன்னிக்கப்பட வேண்டியவரும் ஒரே நபராக இருக்கும் பட்சத்தில், மன்னிப்பின் நகல் யாருக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது குறித்து டில்லித் தலைமையகத்தின் விளக்கம் தேவை. அது கிடைத்ததும், சட்டத்துறையின் கருத்து. அதன் பிறகு நிதித்துறை.'

நம்பிராஜன் குறிப்பை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு தடவை படித்தார். இறக்கி இன்னொரு தடவை படித்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "உட்காருப்பா" என்றார்.

கோமதிநாயகம் உட்கார்ந்தான்.

"உன்னை டிசம்பருக்கு நான் சிபாரிசு பண்ண முடியாது" என்றார் நம்பிராஜன், குறிப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "ஆனா ஒண்ணு சொல்றேன் நாயகம். இன்னிக்குத்தான் நிரந்தரமாகிறதுக்கு உனக்குத் தகுதி வந்திருக்கு."